தாயம் உருட்டலாம், வாங்க!



ஐப்பசி மாதம். அடைமழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாச்சு. வெளியே போய் விளையாட முடியாது. மின்சாரமும் போய்விட்டது. 'டிவி' ஓடாது. செல்போனில் சார்ஜ் இல்லை. என்ன செய்வீர்கள்?

எங்கள் தேசூரில் இந்தக் கேள்விக்கு ரொம்ப காலமாகவே ஒரு பதில் உண்டு. 'கடகட கடகட... டொக்!' திண்ணையில் தாயக்கட்டை உருளும் சத்தம்தான் அது!

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசி பக்கம் இருக்கிற சிறிய ஊர் தேசூர். ஆரணிப் பட்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தப் பட்டு நெசவுக்குப் பேர் போன வட்டாரம் எங்களுடையது. நல்ல வெயில் நாளில் நெசவாளர் தெருவுக்கு வந்து பாருங்கள். பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, ஒவ்வொரு இழையாகச் சரிபார்த்துக் கொண்டிருப்பார்கள். மழை வந்துவிட்டால் அது முடியாது. குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில், கால் வைக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். தறி நின்றுபோகும். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். அதனால் பெரியவர்கள் முகத்தில் கவலை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்! ஏனென்றால், மற்ற நாட்களில் தறியை விட்டு எழுந்திருக்காத அம்மாவும் ஆயாவும் அன்றைக்குத்தான் அவர்களோடு உட்கார்ந்து விளையாடுவார்கள்.

'சும்மா இருக்கிற நேரத்தில் உருட்டுகிற கட்டையில் படிக்க என்ன இருக்கிறது?' என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா! என் நினைப்பு தவறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அந்தக் கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், தாயம் ஆடத் தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி.

தாயம் என்றால் என்ன?

பித்தளையில் செய்த இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்று பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினால், மேலே தெரிகிற புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் உங்களுக்கு விழுந்தது. இரண்டிலும் வெறுமை விழுந்தால் அது பூஜ்யம் இல்லை, 12! கூட்டுத்தொகை 1 என்றால் அதற்குப் பெயர் 'தாயம்'. தாயம் விழுந்தால்தான் காயைக் கட்டத்துக்குள் இறக்க முடியும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம்.

தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு 5 வீடாக, மொத்தம் 25 வீடுகள் வரையுங்கள். வெளிச்சுற்றில் 16 வீடு இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவீட்டிலும் ஒரு பெருக்கல் குறி. அதுதான் 'மலை'. மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. மற்ற வீடுகளில் நின்றால், பின்னால் வருகிறவர் சரியாக அந்த வீட்டுக்கு வந்து வெட்டிவிடுவார். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாச் சுற்றும் முடித்து நடுவீட்டுக்குப் போன காய், 'பழம்'!

ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடு, விதிகள் கொஞ்சம் மாறும். நான் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம்.

பித்தளைக் கட்டை இல்லையா? கவலை வேண்டாம். நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில் தேயுங்கள். கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். குலுக்கிப் போட்டால், எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அதுதான் எண். ஒரு வெள்ளை என்றால் தாயம். நான்கும் கறுப்பாக விழுந்தால் 8. செலவே இல்லாத தாயக்கட்டை!

திண்ணையில் கிடைத்த பாடம்

இப்போது கதைக்கு வருவோம்.

1990களின் தொடக்கம். நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு சிறுமி. பெயர் வேண்டாமே. பாட்டு நன்றாகப் பாடுவாள், தமிழ் தடுமாறாமல் படிப்பாள். ஆனால் கணக்கு என்றால் வாயே திறக்க மாட்டாள். கரும்பலகையில் '11 - 6' என்று எழுதி விடை கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு பாவாடை நுனியைத் திருகுவாள். நானும் அவளை எழுப்பி நிறுத்திவைத்துப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளுடைய மதிப்பெண் அட்டையில், 'கணக்கு வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மாலை, குடை பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "அதுக்குக் கணக்கு வரலைன்னு நீங்களே எழுதிட்டீங்க சார். மூணாவதோட நிறுத்திடலாம்னு இருக்கோம். வீட்ல தார் சுத்தினா நாலு காசுக்கு ஆகும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தார் சுற்றுவது என்றால், நெசவுக்குரிய ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பது. அந்த நாளில் நெசவாளர் வீடுகளில் சிறு பிள்ளைகள் செய்த வேலை அது. நான் அவசரத்தில் எழுதிய இரண்டு வார்த்தை, ஒரு குழந்தையின் படிப்பையே நிறுத்தப் போகிறது!

என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது திண்ணையின் மறுகோடியிலிருந்து சத்தம் கேட்டது. அந்தச் சிறுமியும் அவளுடைய ஆயாவும் தாயம் ஆடிக் கொண்டிருந்தார்கள். என்னைக்கூட அவள் கவனிக்கவில்லை. ஆட்டம் அவ்வளவு சூடு!

அவள் காய் மலையில் நின்றது. ஆயாவின் காய் 11 வீடு முன்னால். கட்டையை உருட்டினாள். 6 விழுந்தது.

"ஆயா! ஆறு விழுந்திடுச்சி. இன்னும் அஞ்சு விழுந்தா உன் காயை வெட்டிடுவேன்!" என்று துள்ளினாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 11லிருந்து 6 போனால் 5. அதே கணக்கு! வகுப்பில் ஒரு மாதமாக அவள் வாயிலிருந்து வராத விடை, விரலைக்கூட மடக்காமல் வந்து விழுந்தது.

6 விழுந்ததால் மறுபடியும் உருட்டினாள். 5 விழவில்லை; 2தான் விழுந்தது. அவள் முகம் ஒரு நொடி வாடியது. அப்புறம் கட்டத்தைக் கூர்ந்து பார்த்தாள். "ஆறும் ரெண்டும் எட்டு. எட்டு வச்சா அந்த மலைக்குப் போயிடும். நீ வெட்ட முடியாதே!" என்று காயை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வீடாக எண்ணவில்லை. நேராக அந்த மலையில் கொண்டுபோய் வைத்தாள். மலைக்கும் மலைக்கும் இடையே நான்கு நான்கு வீடு என்பது அவளுக்கு அத்துப்படி!

குழந்தைகளே, அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றே அவளுடைய அப்பாவிடம், "நான் எழுதியது தப்புங்க. நாளைக்கு அனுப்பி வையுங்க" என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் வகுப்புக்கு ஒரு கை புளியங்கொட்டை கொண்டு போனேன். '11 - 6' என்று எழுதவில்லை. "ஆயா காய் 11 வீடு தள்ளி நிக்குது. உனக்கு 6 விழுந்தாச்சு. இன்னும் எத்தனை?" என்றேன். பட்டென்று பதில் வந்தது. பிறகு அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே '11 - 6' என்றும் எழுதிக் காட்டினேன். காய், கட்டம் எதுவும் இல்லாமல், வெறும் எண்களைப் பார்த்தே அவள் கணக்குப் போட அந்தப் பருவம் முழுக்க ஆனது. ஆனாலும் போட்டாள்!

சின்னவர்கள் என்ன கற்கிறார்கள்?

உங்கள் வீட்டில் நான்கைந்து வயதில் தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா? அப்படியானால் அடுத்த பகுதி உங்களுக்காகவே. விளையாடும்போது அந்தச் சின்னத் தலைக்குள் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா?

முதலில், பார்த்தவுடன் சொல்வது. ஆரம்பத்தில் குழந்தை ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணும். பத்து ஆட்டம் ஆடிய பிறகு, பார்த்த மாத்திரத்தில் 'மூணு!' என்று கத்தும். எண்ணாமலே எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, விட்ட இடத்திலிருந்து எண்ணுவது. அதற்கும் அடுத்தது, எண்ணைப் பிரிப்பது. '7 வேண்டும் என்றால் 5ம் 2ம் விழலாம், 6ம் 1ம் விழலாம்' என்று தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடும். கூட்டலும் கழித்தலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளியில் சேரும் வயதை எட்டாத குழந்தைகளைச் சிலர் சிலராகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடினார்கள். இன்னொரு பிரிவினருக்கும் அதே மாதிரி ஆட்டம்தான். ஆனால் கட்டங்களில் எண் இல்லை, வண்ணம் மட்டுமே. தலா 15 நிமிடம், மொத்தம் நான்கே முறை! எண் கட்டத்தில் ஆடிய குழந்தைகளுக்கு, எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்பதெல்லாம் முன்னைவிட நன்றாகப் பிடிபட்டிருந்தது. வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

அதோடு நிற்கவில்லை. கட்டங்களை நேர் வரிசையாக வரைந்தால் கிடைக்கிற பலன், வட்டமாக வரைந்தால் கிடைப்பதில்லை என்று 2009ல் அதே இருவரும் கண்டுபிடித்தார்கள். யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். நேர் வரிசையில் 2 பக்கத்தில் இருக்கும்; 9 தொலைவில் இருக்கும். அங்கே போக நேரமும் அதிகம் ஆகும், கையையும் அதிகம் நீட்ட வேண்டும். 'பெரிய எண் என்றால் நீண்ட தூரம்' என்பதைக் குழந்தை கண்ணாலும் கையாலும் தெரிந்துகொள்கிறது.

அதனால், ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் தாயம் வேண்டாம். இந்த ஆட்டத்தில் தொடங்குங்கள்.

வாசல் ஓட்டம்

வாசலில் சாக்பீஸால் நேர்கோட்டில் 20 கட்டம் போடுங்கள். இடப்பக்கம் தொடங்கி 1 முதல் 20 வரை எழுதுங்கள். நான்கு புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு கல். குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளையோ அத்தனை கட்டம் நகரவேண்டும். முதலில் 20ஐத் தொடுபவர் வெற்றி. பத்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். தாயம் விழக் காத்திருக்க வேண்டியதில்லை, வெட்டும் கிடையாது, அழுகையும் குறைவு.

ஆடும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். தம்பியின் கல் 5ல் நிற்கிறது, 3 விழுந்தது. அவன் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி நகர்த்துவான். அப்படி வேண்டாம். 'ஆறு, ஏழு, எட்டு' என்று கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். இப்படி எண்ணி ஆடிய குழந்தைகளுக்கே பலன் அதிகம் என்று பிறகு நடந்த ஆய்விலும் தெரிந்தது. ஒரே கட்டம், ஒரே கல். எண்ணுகிற விதத்தில்தான் பாடம் இருக்கிறது!

தாயம் ஏன் விழமாட்டேன் என்கிறது?

சரி, பெரிய பிள்ளைகளான உங்களுக்கு ஒரு கேள்வி. 'எனக்கு மட்டும் தாயமே விழலை' என்று எத்தனை தடவை அழுதிருப்பீர்கள்? உங்கள் ராசியா அது? இல்லை, கணக்கு!

முதல் கட்டையில் நான்கு பக்கம், இரண்டாவதில் நான்கு பக்கம். ஆக, 4 x 4 = 16 விதமாக அவை விழலாம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்:

12 விழ: 1 வழி (இரண்டிலும் வெறுமை)
தாயம் விழ: 2 வழி
2 விழ: 3 வழி
3 விழ: 4 வழி
4 விழ: 3 வழி
5 விழ: 2 வழி
6 விழ: 1 வழி (இரண்டிலும் 3)

கூட்டினால் 16 வருகிறதா? இதில் 3 விழத்தான் வழி அதிகம். தாயத்துக்கு 16ல் 2 வழி, அதாவது 8ல் 1 மட்டுமே.

'அப்படியானால் 8 முறை உருட்டினால் கட்டாயம் ஒரு தாயம் விழுமா சார்?' என்று கேட்பீர்கள். விழாது! 100 பேர் ஆளுக்கு 8 முறை உருட்டினால், ஏறக்குறைய 34 பேருக்கு ஒரு தாயம்கூட விழாது. அந்த 34 பேரும் ராசி இல்லாதவர்களா என்ன? 'ஏழு தடவை ஏமாத்திட்டோம், பாவம் இந்தப் பிள்ளை, எட்டாவது தடவையாவது விழுவோம்' என்று கட்டை நினைக்காது. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அது புதிதாகத்தான் விழுகிறது.

புளியங்கொட்டையில் எப்படி? வெள்ளையும் கறுப்பும் ஒரே அளவுக்கு விழும் என்று வைத்துக்கொண்டால், தாயத்துக்கு 16ல் 4 வழி. பித்தளைக் கட்டையைப் போல் இரண்டு மடங்கு! தாயம் பழகத் தொடங்கும் குட்டிகளுக்குப் புளியங்கொட்டையைக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காய் சீக்கிரம் இறங்கும்.

நம்பிக்கை இல்லையா? ஒரு நோட்டில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று எழுதி, 160 முறை உருட்டி, விழும் எண்ணுக்கு நேரே கோடு போட்டு வாருங்கள். 3க்கு 40 கோடு அளவிலும், தாயத்துக்கு 20 கோடு அளவிலும் வருகிறதா என்று பாருங்கள். சரியாக 40, 20 என்று வராது. கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் 6ம் 12ம் பெரும்பாலும் பின்தங்கி நிற்பது தெரியும்.

மூதாதையர் உருட்டிய பகடை

இந்த உருட்டல் இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. சிவகங்கை மாவட்டம் கீழடியில் மண்ணுக்கு அடியிலிருந்து தந்தத்தில் செய்த பகடைக்காய், சுடுமண் ஆட்டக்காய்கள், சில்லுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த பிள்ளைகளும் உங்களைப் போலத்தான் கூச்சல் போட்டு விளையாடியிருப்பார்கள்! கீழடி அருங்காட்சியகம் 2023ல் திறக்கப்பட்டது. சுற்றுலா போனால் மறக்காமல் பாருங்கள்.

அதற்கும் முந்தைய சிந்துவெளி நகரங்களான மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் ஆறுபக்கப் பகடைகள் கிடைத்தன. அவற்றின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். இப்போது நாம் வாங்கும் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வரும்; எடுத்துப் பாருங்கள். ஆனால் சிந்துவெளிப் பகடைகள் பலவற்றில் 1க்கு எதிரே 2, 3க்கு எதிரே 4, 5க்கு எதிரே 6 என்று இருந்தது.

வைகுண்ட ஏகாதசி இரவில் பெரியவர்கள் கண்விழித்து ஆடும் பரமபதமும் பகடை ஆட்டம்தான். அந்தப் பாம்பும் ஏணியும் நம் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், உலகம் முழுக்கச் சுற்றி வந்தன. லூடோவும் நம் நாட்டுப் 'பச்சீசி' ஆட்டத்தின் பிள்ளைதான்.

'எது விழ எவ்வளவு வாய்ப்பு' என்ற கணக்கும் பகடையிலிருந்துதான் வளர்ந்தது. ஓர் ஆட்டம் பாதியில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படி நியாயமாகப் பிரிப்பது என்ற கேள்விக்கு விடை தேடி, பிரான்ஸ் நாட்டுக் கணித மேதைகள் பாஸ்கல், பெர்மா இருவரும் 1654ல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களிலிருந்து வளர்ந்த கணிதத்துக்கு 'நிகழ்தகவு' என்று பெயர். பத்தாம் வகுப்புக்குள் உங்கள் பாடப்புத்தகத்திலேயே அதைச் சந்திப்பீர்கள். நாளை மழை வர எவ்வளவு வாய்ப்பு என்று வானிலை சொல்பவர்களுக்கும் இந்தக் கணக்குதான் கை கொடுக்கிறது. திண்ணையில் மழைக்கு ஒதுங்கி ஆடிய ஆட்டம், மழையையே கணிக்க உதவுகிறது பார்த்தீர்களா!

எண்ணில் அடங்காத பாடம்

கணக்கோடு முடிந்துவிடவில்லை. தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். விதியை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் மாற்றக் கூடாது. பழமாகப் போகிற காய் வெட்டுப்பட்டால், கண்ணில் நீர் முட்டினாலும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு இவை எல்லாமே பெரிய பாடம்.

இதில் அண்ணன், அக்காக்களுக்கு மூன்று வேலை இருக்கிறது.

ஒன்று: தங்கை யோசித்துக் கொண்டிருக்கும்போது, 'ஐயோ, இதைக்கூடத் தெரியலையா, அஞ்சுடி!' என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் அவளே சொல்லிவிடுவாள். நான் வகுப்பில் செய்யத் தவறியது இதைத்தான். விடையைக் கேட்டேன், அது வருவதற்கான நேரத்தைக் கொடுக்கவில்லை.

இரண்டு: எப்போதும் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நேர்மையாக ஆடுங்கள். கட்டை சின்னவர், பெரியவர் பார்க்காது. நீங்கள் விட்டுக்கொடுக்காமலே அவர்கள் பல ஆட்டம் ஜெயிப்பார்கள். உருட்டி ஆடும் ஆட்டத்தின் அழகே அதுதான். பாட்டியும் பேத்தியும் சமமாக உட்கார்ந்து ஆட முடிகிறதே!

மூன்று: தோற்றவன் அழுதால் கேலி செய்யாதீர்கள். 'வா, இன்னொரு ஆட்டம்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

ஒரு எச்சரிக்கை

மகாபாரதத்தில் தருமர் நாட்டையே பகடையில் வைத்து இழந்த கதை உங்களுக்குத் தெரியும். நளமகாராஜாவும் அப்படித்தான் இழந்தார். திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே எழுதி வைத்திருக்கிறார். 94வது அதிகாரம், எடுத்துப் படியுங்கள். பகடை கெட்டது இல்லை; அதில் பணத்தை வைப்பதுதான் கெட்டது. மேலே நாம் போட்ட கணக்கு உங்களுக்குப் புரிந்திருந்தால், காரணமும் புரியும். 'இவ்வளவு நேரம் தோத்தாச்சு, அடுத்ததில் ஜெயிச்சுடுவேன்' என்று நினைத்துத்தான் பணத்தை விடுகிறார்கள். கட்டைக்குத்தான் ஞாபகம் கிடையாதே!

செல்போனில் வருகிற பண ஆட்டங்களும் இதே சூதுதான். அதனால்தான் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. நம் வீட்டுத் திண்ணையில் பந்தயம் வேண்டுமா? தோற்றவர் எல்லோருக்கும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது போதும்!

கடைசியாக...

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? மூன்றாம் வகுப்போடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தாள். இன்று அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். போன மழைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நானும் ஒரு கை ஆடினேன். என் காய் பழமாக இன்னும் நான்கே வீடு. அவர் உருட்டினார். கட்டையைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், ஒன்பதிலிருந்து அஞ்சு போனா எத்தனை?"

நான் பதில் சொல்வதற்குள் என் காய் வெட்டுப்பட்டுவிட்டது!

அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகளே. இந்த ஞாயிற்றுக்கிழமையே சமையலறையில் நான்கு புளியங்கொட்டை கேட்டு வாங்குங்கள். தாத்தா, பாட்டியைக் கூப்பிடுங்கள். தம்பி, தங்கையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் உருட்டல் அவர்களுக்கே!